100 பெரிதா, 81 பெரிதா? கூடைப்பந்துக் கணக்கில் 0.44 செய்யும் வேலை

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், ஒரே ஆட்டத்தில் வில்ட் சேம்பர்லின் எடுத்த 100 புள்ளிகள், கோபி பிரயன்ட் எடுத்த 81 புள்ளிகள் ஆகிய இரண்டில் எது பெரிய ஆட்டம் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 100 தான் பெரிது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்தப் புள்ளிகளை எடுக்க ஒவ்வொருவரும் எத்தனை முறை முயன்றார் என்று கேட்கத் தொடங்கினால், இந்த விளையாட்டின் புள்ளியியலில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் எண்ணிடம் வந்து சேர்கிறோம்.

முதலில் விவரங்களைப் பார்ப்போம். 1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில், ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ் அணிக்காக ஆடிய சேம்பர்லின், நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக 63 ஷாட்டுகளில் 36 கூடைகளைப் போட்டார். எதிரணியின் தவறுக்கு ஈடாக, யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும், ஒரு புள்ளி மதிப்புள்ள ஃப்ரீ த்ரோக்கள் 32இல் 28 உள்ளே விழுந்தன. 2006 ஜனவரி 22 அன்று லேக்கர்ஸ் அணியின் பிரயன்ட், டொராண்டோ ராப்டர்ஸ் அணிக்கு எதிராக 46 ஷாட்டுகளில் 28 கூடைகள் போட்டார். அவற்றில் 7, தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த மூன்று புள்ளிக் கூடைகள். 20 ஃப்ரீ த்ரோக்களில் 18 விழுந்தன.

கூடைகளை ஷாட்டுகளால் வகுத்து விழுக்காடு காண்பது பள்ளிக் கணக்கு. ஆனால் அந்த விழுக்காட்டுக்கு மூன்று புள்ளிக் கூடையும் இரண்டு புள்ளிக் கூடையும் ஒன்றுதான். ஃப்ரீ த்ரோக்களோ அதன் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே எடுத்த புள்ளிகள் அனைத்தையும் ஒரு பக்கம் வைத்து, அவற்றுக்காகச் செலவான முயற்சிகள் அனைத்தையும் மறுபக்கம் வைக்க வேண்டும். ஷாட் ஒன்று, முயற்சியும் ஒன்று என்பதில் குழப்பம் இல்லை. ஒரு ஃப்ரீ த்ரோவை எத்தனை முயற்சியாகக் கொள்வது என்பதுதான் சிக்கல்.

ஒரு வீரர் வளையத்தை நோக்கிப் பாய்ந்து பந்தை எறியும் கணத்தில், எதிரணி வீரர் அவர் கையில் தட்டிவிடுகிறார். இது ஃபவுல், அதாவது விதிமீறல்; நடுவரின் விசில் ஒலிக்கிறது. இதன் பிறகு குறிப்பேட்டில் என்ன எழுதப்படும் என்பது, காற்றில் இருக்கும் அந்தப் பந்து எங்கே விழப்போகிறது என்பதைப் பொறுத்தது. பந்து வெளியே போனால், அந்த ஷாட் கணக்கிலேயே ஏறாது; அதற்கு ஈடாக இரண்டு ஃப்ரீ த்ரோக்கள் கிடைக்கும். அதாவது இரண்டு ஃப்ரீ த்ரோக்கள் சேர்ந்து ஒரு முயற்சி, ஒன்றின் மதிப்பு 0.5. பந்து உள்ளே விழுந்துவிட்டால், கூடையும் சேரும், ஷாட்டும் கணக்கில் ஏறும், கூடுதலாக ஒரு ஃப்ரீ த்ரோவும் கிடைக்கும். அந்த முயற்சி ஷாட்டாக ஏற்கெனவே எண்ணப்பட்டுவிட்டதால், இந்த ஃப்ரீ த்ரோவின் மதிப்பு சுழியம். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தவர் ஃபவுலுக்கு ஆளாகி ஷாட்டும் தவறினால் மூன்று ஃப்ரீ த்ரோக்கள் கிடைக்கும். ஒன்றின் மதிப்பு மூன்றில் ஒரு பங்கு. நடத்தைக் குறைபாடு போன்றவற்றுக்கு விதிக்கப்படும் டெக்னிக்கல் ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ எந்த முயற்சியையும் தின்பதில்லை, அதுவும் சுழியமே.

இனி 100 ஃப்ரீ த்ரோக்களைக் கற்பனை செய்துகொள்வோம். அவற்றில் 86 இரண்டிரண்டாக வந்தவை என்றால் 43 முயற்சிகள். 3 மட்டும் ஒரே மூன்று புள்ளி ஃபவுலில் வந்தவை என்றால் ஒரு முயற்சி. மீதி 11 கூடையோடு சேர்ந்தோ டெக்னிக்கல் ஃபவுலாலோ வந்தவை என்றால் அவற்றுக்கு முயற்சியே இல்லை. மொத்தம் 44 முயற்சிகள், ஆகவே ஒரு ஃப்ரீ த்ரோவுக்கு 0.44. இந்த 86, 3, 11 ஆகியவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள், ஆனால் 0.44 என்பது, ஃப்ரீ த்ரோக்கள் உண்மையில் எப்படிக் கிடைக்கின்றன என்பதைப் பார்த்து ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட சராசரி மதிப்பு. விதிப்புத்தகத்தில் எங்கும் எழுதப்படாத, ஆயிரக்கணக்கான விசில்களிலிருந்து தானாகத் திரண்டு வந்த எண் என்பதால்தான் இதன்மேல் எனக்கு இத்தனை பிரியம்.

ஷாட்டுகளோடு ஃப்ரீ த்ரோக்களின் 0.44 மடங்கைக் கூட்டினால் மொத்த முயற்சிகள் கிடைக்கும். சாதாரணக் கூடைக்கு இரண்டு புள்ளி என்பதால், புள்ளிகளை அதன் இரு மடங்கால் வகுத்தால் வருவதை ‘ட்ரூ ஷூட்டிங்’ விழுக்காடு என்கிறார்கள். இப்போது இருவரையும் நிறுத்துப் பார்க்கலாம். சேம்பர்லினுக்கு 63 ஷாட்டுகளும் 14.08 முயற்சிகளும் சேர்ந்து 77.08, விழுக்காடு 64.9. பிரயன்டுக்கு 46 ஷாட்டுகளும் 8.8 முயற்சிகளும் சேர்ந்து 54.8, விழுக்காடு 73.9. சேம்பர்லின் காலத்தில் அந்த லீக்கில் மூன்று புள்ளிக் கோடே கிடையாதே, இது நியாயமா என்று கேட்கலாம். என்பிஏ அந்தக் கோட்டை 1979-80 பருவத்தில்தான் ஏற்றது என்பது உண்மைதான். சரி, பிரயன்டின் 7 நெடுந்தூரக் கூடைகளுக்கும் இரண்டிரண்டு புள்ளிகள் மட்டுமே கொடுப்போம். அவர் கணக்கு 74 ஆகக் குறையும். அப்போதும் 67.5 விழுக்காட்டுடன் அவரே முன்னே நிற்கிறார். 1962இன் ஃப்ரீ த்ரோ விதிகள் இன்றையவை போன்றவை அல்ல என்பதால், அந்த ஆட்டத்துக்கு 0.44 ஓர் அண்ணளவு மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஆட்டத்தின் வேகமும் முக்கியம். ஹெர்ஷி ஆட்டம் 169-147 என்று முடிந்தது. பிரயன்டின் ஆட்டமோ 122-104. அணியின் புள்ளிகளில் சேம்பர்லினின் பங்கு ஏறத்தாழ 59 விழுக்காடு, பிரயன்டின் பங்கு 66 விழுக்காடு. இதனால் சேம்பர்லின் சிறியவர் ஆகிவிட மாட்டார். அந்தப் பருவம் முழுவதற்கும் ஆட்டத்துக்கு 50.4 புள்ளிகள் என்ற சராசரியை வைத்திருந்தவர் அவர். ஒரே இரவின் ஆட்டம் என்று மட்டும் கேட்டால், என் தீர்ப்பு 81 பக்கம்தான்.

சுற்றெண்கள் மீது நமக்குள்ள மயக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். புள்ளி, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடைக்கு வழிவகுக்கும் பாஸ்) மூன்றிலும் இரட்டை இலக்கத்தைத் தொட்டால் ‘ட்ரிபிள் டபுள்’ என்று கொண்டாடுகிறோம். 10-10-10 எடுத்தவர் பட்டியலில் ஏறுகிறார், 35-9-9 எடுத்தவர் ஏறுவதில்லை. நமக்குப் பத்து விரல்கள் இருப்பதைத் தவிர இந்த எல்லைக்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. 2003 மார்ச்சில், கிளீவ்லாண்ட் அணியின் ரிக்கி டேவிஸ் 26 புள்ளிகளும் 12 அசிஸ்ட்டுகளும் 9 ரீபவுண்டுகளும் எடுத்திருந்த நிலையில், ஆட்டம் முடியும் தறுவாயில் தம் அணி காக்க வேண்டிய வளையத்திலேயே பந்தை எறிந்து, திரும்பி வந்ததைப் பிடித்துப் பத்தாவது ரீபவுண்டைச் சேர்க்கப் பார்த்தார். சொந்த வளையத்தில் எறிவது விதிப்படி ஷாட்டே ஆகாது என்பதால் அந்த ரீபவுண்டும் எண்ணப்படவில்லை. எண்ணுக்காக ஆட்டத்தை வளைக்கும் இந்த மனநிலையை நல்ல நேரம் பார்த்து முடிவெடுக்கும் மூடநம்பிக்கையோடுதான் நான் சேர்ப்பேன்.

வாழ்நாள் மைல்கற்களையும் இதே கண்ணோடு பார்க்கலாம். 2023 பிப்ரவரி 7 அன்று லெப்ரான் ஜேம்ஸ், என்பிஏவின் வாழ்நாள் சாதனையாக இருந்த கரீம் அப்துல்-ஜப்பாரின் 38,387 புள்ளிகளைத் தாண்டினார். கரீம் அத்தனை புள்ளிகளையும் எடுக்க 1,560 ஆட்டங்கள் ஆடினார். லெப்ரான் தம் 1,410ஆவது ஆட்டத்தில் அதைக் கடந்தார். ஆனால் லெப்ரான் பள்ளியை முடித்ததும் 18 வயதில் நேராக லீக்கில் நுழைந்தவர். கரீம் கல்லூரியை முடித்து 22 வயதில் வந்தவர். வாழ்நாள் முழுவதும் கரீம் போட்ட மூன்று புள்ளிக் கூடை ஒன்றே ஒன்று.

2013-14 பருவம் முதல் என்பிஏ அரங்குகள் அனைத்திலும் வீரர்களின் அசைவுகளைக் கேமராக்கள் நொடிக்கு 25 முறை பதிவுசெய்யத் தொடங்கின. உடலியக்கம் பற்றிய இத்தகைய தரவுகள் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் தாராளமாகத் திறந்துவிடப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எண்ணாமல் விட்டதை, பின்னால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் மீட்க முடியாது. பிளாக்குகளையும் (ஷாட்டைத் தடுப்பது) ஸ்டீல்களையும் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) என்பிஏ 1973-74 பருவத்தில்தான் அதிகாரபூர்வமாகக் குறிக்கத் தொடங்கியது. கரீமின் பெயரில் உள்ள 3,189 பிளாக்குகளில் அவருடைய முதல் நான்கு பருவங்கள் சேரவில்லை. எதிரணியின் ஷாட்டுகளைத் தடுப்பதையே தம் கலையாகக் கொண்டு 1969இல் ஓய்வுபெற்ற பில் ரசலின் அதிகாரபூர்வக் கணக்கில், பிளாக் என்ற கட்டத்தில் சுழியம்கூட இல்லை. அது எழுதப்படாமல் காலியாக இருக்கிறது.