தகவல் மனுவில் ‘ஏன்’ என்று கேட்காதீர்கள்

தெருவில் போட்ட தார்ச்சாலை ஒரே மழையில் பெயர்ந்துவிடுகிறது. ‘ஏன் தரமில்லாமல் போட்டீர்கள், யார் பொறுப்பு?’ என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுகிறார்கள். ‘கோரியது தகவல் என்ற வரையறைக்குள் வராது’ என்று ஒற்றை வரியில் பதில் வருகிறது. எரிச்சலாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் அது சட்டப்படி சரியான பதில்தான். 2005ஆம் ஆண்டுச் சட்டம் தருவது அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தை. விளக்கம் எழுதித் தரும் கடமை அலுவலருக்கு இல்லை.

அதே சாலைக்கு மதிப்பீட்டின் நகல், பணி ஆணை, எம்-புக்கில் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகம்) அந்தப் பணிக்குரிய பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பில் என்று கேளுங்கள். தெருவின் பெயர், வார்டு, ஆண்டு மூன்றும் இருக்கட்டும். எம்-புக்கில் நீளம், அகலம், கனம் எல்லாம் பதிந்திருக்கும். நீளத்தையும் அகலத்தையும் டேப் பிடித்து நீங்களே சரிபார்க்கலாம். கனத்தில் சந்தேகம் என்றால், சட்டத்தின் பிரிவு 2(j) பணியை நேரில் பார்வையிடவும் சான்றளிக்கப்பட்ட பொருள் மாதிரி பெறவும் உரிமை தருகிறது. இதைக் கேட்பவர்கள் அபூர்வம்.

‘பத்து ஆண்டுகளின் எல்லாச் சாலைகளும்’ என்று கேட்காதீர்கள். ஆயிரம் பக்கம் கேட்டுவிட்டு நகல் கட்டணம் கட்ட வராதவர்களும் இருக்கிறார்கள். அவற்றைத் தேடி எடுக்கும் அலுவலக உழைப்பு அடுத்தவர் மனுவைத்தான் தாமதப்படுத்துகிறது.

கட்டணம் 10 ரூபாய். மாநில அரசு அலுவலகம் என்றால் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். அஞ்சல் துறை, ரயில்வே போன்ற மத்திய அலுவலகங்களுக்கு அது செல்லாது, போஸ்டல் ஆர்டர் வையுங்கள். தகவல் எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. மனு வேறு அலுவலகத்துக்குப் போயிருந்தால் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.

மனு கிடைத்த நாளிலிருந்து 30 நாள் கெடு. அது தாண்டினால் நகல்களை இலவசமாகவே தர வேண்டும். பதில் வரவில்லை, அல்லது அரைகுறை என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: இந்தப் படியைத் தாண்டி, நேராகத் தகவல் ஆணையத்துக்குப் பிரிவு 18இன் கீழ் புகார் அனுப்புகிறார்கள். அந்தப் புகாரில் ஆணையம் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை தண்டம் விதிக்கலாம். ஆனால் ஆவணத்தைக் கொடு என்று உத்தரவிட முடியாது என உச்ச நீதிமன்றம் 2011இல் மணிப்பூர் வழக்கில் சொல்லிவிட்டது. ஆவணம் கையில் வேண்டுமென்றால் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.