மலைப்பூண்டா இல்லையா, டிஎன்ஏ சொல்லுமா?

"வடுகபட்டி சந்தையில் கொடைக்கானல் மலைப்பூண்டு என்று சொல்லித்தான் வாங்கினேன். அது அசல்தானா என்று டிஎன்ஏ சோதனையில் தெரியுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பாதி தெரியும், பாதி தெரியாது.

நாம் பயிரிடும் பூண்டு விதை வைப்பதில்லை. பல்லை ஊன்றுகிறோம், தாய்ச்செடியின் அதே நகல் முளைக்கிறது. அப்படியிருந்தும் இத்தனை ரகங்கள் எப்படி? மத்திய ஆசியாவில் பூத்துக் காய்த்த முன்னோர்களின் கலப்பு கொஞ்சம், நகலெடுப்பதில் நேர்ந்த பிழைகள் கொஞ்சம். பூண்டின் மரபணுத்தொகுதியில், அதாவது மொத்த டிஎன்ஏவில், ஏறக்குறைய 1,600 கோடி எழுத்துகள் (ஏ, சி, ஜி, டி என்ற நான்கு வேதிக்கூறுகளைத்தான் எழுத்து என்கிறோம்), நம்முடையதைப்போல் 5 மடங்கு. ஒவ்வொரு ரகத்துக்கும் அத்தனையையும் படித்துக்கொண்டிருக்க முடியாது, அதனால் சில இடங்களை மட்டும் அடையாளக் குறிகளாகப் பார்க்கிறார்கள்.

எனக்குப் பிடித்த குறி நுண்தொடர்கள். டிஎன்ஏவில் சில இடங்களில் சிஏ சிஏ சிஏ என்று ஒரே இரண்டு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். ஸ்ரீராமஜெயம் 108 முறை எழுதும்போது நடுவில் எண்ணிக்கை தவறிப்போகும் இல்லையா? எல்லா வரியும் ஒரே மாதிரி இருப்பதால் விட்ட இடம் பிடிபடாது. செல்லுக்குள்ளும் அதேதான். நகலெடுக்கும் நொதி நடுவழியில் இருக்கும்போது புது இழை ஒரு கணம் பிரிந்து மறுபடி ஒட்டும், ஆனால் ஒரு சிஏ தள்ளி ஒட்டிவிடும், எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் அதுவும் கச்சிதமாகப் பொருந்திவிடும். 12 இருந்தது 13 ஆகிவிடும், அல்லது 11 ஆகிவிடும். அப்புறம் அந்தப் பிழையும் பல் வழியாகத் தலைமுறை தலைமுறையாக வரும்.

இளம் இலையை அரைத்து டிஎன்ஏ எடுப்பார்கள் (பூண்டுச் சாற்றின் கொழகொழப்பை நீக்குவதே பெரும்பாடு). அந்தத் தொடரை மட்டும் பிசிஆரில் (ஒரு டிஎன்ஏ துண்டைப் பல நகல்களாக்கும் முறை) பெருக்கி, ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓட விட்டால், குட்டைத் துண்டு வேகமாக ஓடும், நீளத் துண்டு பின்தங்கும், நின்ற இடத்தில் ஒவ்வொன்றும் ஒரு பட்டையாகத் தெரியும். இரண்டு பூண்டுகளில் இப்படிப் பல இடங்களைப் பார்த்தும் எல்லாப் பட்டைகளும் ஒத்துப்போனால், இரண்டும் ஒரே ரகமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அமெரிக்காவில் 211 பூண்டு மாதிரிகளை, இதைப் போன்ற ஏஎஃப்எல்பி என்ற வேறொரு குறியால் ஒப்பிட்டு 2004இல் ஒரு ஆய்வு வந்தது. வெவ்வேறு பெயரில் சேமித்து வைத்திருந்தவற்றில் நிறைய ஒரே பூண்டுதான் என்று தெரிந்தது.

சரி, வாசகருக்கு வருவோம். வேறு ரகத்தை மலைப்பூண்டு என்று விற்றால் பட்டைகள் காட்டிக்கொடுத்துவிடும். அதே மலை ரகத்தைக் கீழே சமவெளியில் விளைவித்து விற்றால் காட்டாது, பட்டைகள் மாறுவதில்லை. கொடைக்கானலின் குளிரும் மண்ணும் எழுத்துகளில் பதிவதில்லை.

ஒன்று மட்டும் எனக்கு ஆதங்கம். விதை இல்லாத பயிர் என்பதால் ஒவ்வொரு ரகத்தையும் வருடம் தவறாமல் வயலில் ஊன்றிக் காப்பாற்ற வேண்டும், இல்லாவிட்டால் குருத்துநுனியை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைக்க வேண்டும். குறி பார்க்கும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும்போதே, அந்த வயலுக்கான கூலியையும் நைட்ரஜன் செலவையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். ஒரு வருடம் நடவு தவறினால், ஜெல் படத்தில் பட்டை இருக்கும், பூண்டு இருக்காது.