டூம் ஸ்பெண்டிங் என்றால் பதற்றச் செலவு

வேலை நிலைக்குமா தெரியாது, சொந்த வீடெல்லாம் இந்த ஜென்மத்தில் நடக்காது, அப்புறம் யாருக்காகச் சேர்த்து வைப்பது என்று கையில் இருப்பதை எடுத்து எதையாவது வாங்கிப் போடுகிறோமே, அதற்குத்தான் ஆங்கிலத்தில் டூம் ஸ்பெண்டிங் என்று பெயர். கெட்ட செய்தியாகத் தேடித்தேடிப் படிக்கும் டூம் ஸ்க்ரோலிங்குக்குத் தம்பி. பல நேரம் இரண்டும் ஒரே ராத்திரியில் ஒரே போனில் நடப்பவைதான்.

பழைய ஆங்கிலத்தில் டூம் என்றால் சட்டம், தீர்ப்பு. இறுதித் தீர்ப்பு நாளோடு ஒட்டிக்கொண்டு பிறகு விதி, அழிவு என்று பொருள் மாறியது. அதற்காக இதைத் தமிழில் 'அழிவுச் செலவு' என்று எழுதினால், செலவு செய்தே அழிந்தான் என்றாகிவிடும். இங்கே இருப்பது அழிவு வந்துவிடுமோ என்ற பயம்.

அதனால் என் ஓட்டு 'பதற்றச் செலவு' என்பதற்கு. கவலைப்படுகிறவன் மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பான், பதறுகிறவனுக்கு உடனே ஏதாவது செய்தாக வேண்டும். 'பதறாத காரியம் சிதறாது' என்ற பழமொழியில் இருக்கும் அந்த அவசரமும் இந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறது.

பதற்றத்தில் எதுவுமே நம் பிடியில் இல்லாதது போலிருக்கும். நீலமா கறுப்பா, எந்த அளவு என்று தேர்ந்தெடுக்கும் அந்த நேரத்தில் மட்டும் முடிவு நம் கையில். 2014-ல் ரிக், பெரைரா, பர்சன் மூவரும் வெளியிட்ட ஆய்வில், எதை வாங்குவது என்று முடிவெடுப்பதே சோகத்தைக் கொஞ்சம் குறைத்தது, கோபத்தைக் குறைக்கவில்லை. (அது சோகத்தைப் பற்றிய ஆய்வு, பதற்றத்துக்கும் சேர்த்து நீட்டிவிடக் கூடாது.) பணம் கட்டியதும் மனம் லேசாகிறது. பார்சல் வரும்போது அந்தப் பதற்றமே மறந்திருக்கும், பெட்டி பிரிக்காமல் மூலையில் கிடக்கும், மாதக் கடைசியில் கார்டு பில் வந்து புதிதாக ஒரு பதற்றத்தைக் கிளப்பும்.

இதை ஓனியோமேனியாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 'விற்பனைக்கு உள்ள' என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது; 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனநல மருத்துவர் கிரேப்பலின் எழுதியது அடக்கவே முடியாத வாங்கும் வெறியைப் பற்றி. அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

செலவு என்ற சொல்லே 'செல்' என்பதிலிருந்து வந்ததுதான். சங்கப் பாடல்களில் செலவு என்றால் பயணம். பொருள் தேடக் கிளம்பிய தலைவன், தலைவி கலங்குவதைப் பார்த்துப் புறப்பாட்டைத் தள்ளிப்போடுவதற்குச் செலவழுங்கல் என்று பெயர். போகவே மாட்டான் என்றில்லை, அவள் மனம் தேறும்வரை நிற்கிறான், அவ்வளவுதான். எடுத்ததை ஆன்லைன் கடையின் கார்ட்டில் (கூடையில்) போட்டுவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கப் போவதையும் செலவழுங்கல் என்றே சொல்லலாம்.