சைஸ் மேட்சிங்: நுரையீரலுக்கு அளவுப் பொருத்தமா, கொள்ளளவுப் பொருத்தமா?

நுரையீரல் மாற்று அறுவையில் இரத்த வகை சேர்ந்தவுடன் அடுத்து எழும் கேள்வி, கொடையாளரின் நுரையீரல் பெறுநரின் மார்புக்கூட்டுக்குள் அடங்குமா என்பது. இதைத்தான் டாக்டர்கள் 'சைஸ் மேட்சிங்' என்கிறார்கள். செய்திகளில் அது 'உறுப்பு அளவுப் பொருத்தம்' ஆகிறது. படிப்பவர் உடனே ஆள் பருமனையும் எடையையும் நினைத்துக்கொள்கிறார். ஆனால் இந்தக் கணக்கில் எடைக்கு இடமே இல்லை. உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருப்பதில்லை.

'சைஸ்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. சட்டம் போட்டு நிர்ணயித்த அளவு என்பது முதற்பொருள். 'மேட்ச்' பழைய ஆங்கிலத்தில் துணை, இணை என்று பொருள்பட்ட சொல். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நமக்கு 'பொருத்தம்' அதற்குக் கச்சிதம். பொருத்திய உறுப்பைக் குறிக்கும் 'கிராஃப்ட்' எழுத்தாணியைக் குறித்த கிரேக்கச் சொல்லின் வழிவந்தது; சீவிய ஒட்டுக்குச்சி எழுத்தாணி போல இருந்ததால் வந்த பெயர். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கம் மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறவர்கள் குச்சியும் வேர்ச்செடியும் ஒரே தடிமனில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். 'ஒட்டு' என்ற சொல்லை மருத்துவத்திலும் தயங்காமல் எழுதலாம்.

பார்ப்பது முழு நுரையீரல் கொள்ளளவை. அதாவது மூச்சை முழுக்க இழுத்தபின் உள்ளே நிற்கும் காற்று மொத்தம் எத்தனை லிட்டர் என்பதை. மூளைச்சாவு அடைந்த கொடையாளரை ஊதச் சொல்லி அளக்க முடியாது. உயரமும் பாலினமும் வைத்துக் கணிக்கிறார்கள். ஆணுக்கு: மீட்டரில் உயரம் × 7.99, அதில் 7.08 கழிக்க வேண்டும். பெண்ணுக்கு: உயரம் × 6.60, கழிக்க 5.79. கொடையாளர் எண்ணைப் பெறுநர் எண்ணால் வகுத்தால் விகிதம் கிடைக்கும்.

1.60 மீட்டர் உயரமுள்ள ஆணுக்கு 5.70 லிட்டர், அதே உயரப் பெண்ணுக்கு 4.77 லிட்டர். உயரம் ஒன்றே என்று பெண்ணின் நுரையீரலை ஆணுக்கு வைத்தால் விகிதம் 0.84; மாற்றி வைத்தால் 1.20. 1.72 மீட்டர் ஆணின் நுரையீரல் (6.66 லிட்டர்) 1.55 மீட்டர் பெண்ணுக்கு (4.44 லிட்டர்) என்றால் 1.50, வெட்டிக் குறைக்காமல் உள்ளே போகாது. பொதுவாக 1-ஐ ஒட்டியோ சற்று மேலாகவோ இருப்பதை விரும்புவார்கள். கீழே 0.8, மேலே 1.2, 1.3 வரை ஏற்கும் மையங்கள் உண்டு.

இந்தச் சூத்திரம் ஐரோப்பிய நிலக்கரி எஃகு சமூகம் என்ற அமைப்பின் பெயரால் வழங்குகிறது. அதே உயரத்தில் நம்மவர் நுரையீரல் ஐரோப்பியரதைவிடச் சிறிது என்பதால் லிட்டர் கணக்கு நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். கொடையாளரும் பெறுநரும் இந்தியரானால் வகுக்கும்போது அந்தப் பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போகும். கணித்த எண்ணை நேரில் அளந்த எண்ணோடு ஒப்பிடும்போது அப்படி அடிபடாது.

கல் குவாரி ஊர்களில் அந்த ஒப்பீடு தேவைப்படும். கிரானைட் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் முற்றினால் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும். டிபி என்றே பல காலம் மாத்திரை தின்றவர்களும் உண்டு. 1.65 மீட்டர் தொழிலாளிக்குக் கணித்த கொள்ளளவு 6.10 லிட்டர், நேரில் அளந்தால் 3.5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். விலாக்கூடு ஒடுங்கி, உதரவிதானம் மேலேறியிருக்கும். 6.10-ஐ நம்பிப் பெரிய ஒட்டைக் கொண்டுவந்தால் இடமிருக்காது, 3.5-ஐ மட்டும் நம்பினால் ஒட்டு சிறுத்துவிடும். அறுவைக்குப் பின் கூடு ஓரளவு விரியும் என்பதால் இரண்டுக்கும் நடுவில் தேடுவார்கள். பீடி, அடுப்புப் புகையால் காற்றறைகள் சிதைந்து வரும் எம்ஃபிசிமாவில் நிலைமை தலைகீழ்: மார்பு பீப்பாய் போல உப்பியிருக்கும், சற்றுப் பெரிய ஒட்டும் அடங்கும்.

பெரிதாகப் போனால் நுரையீரல் மடிந்து சில பகுதிகள் விரியாமல் கிடக்கும், சளி தேங்கும். மார்பை மூடும்போது இதயம் நெருக்குண்டு இரத்த அழுத்தம் இறங்கும். அப்போது மார்பைத் திறந்தே வைத்துச் சில நாள் கழித்து மூடுவார்கள், அல்லது ஸ்டேப்ளரால் வலது நடுமடலையோ இடது மேல்மடலின் கீழ்முனையையோ வெட்டிவிடுவார்கள். சிறிதாகப் போனால் ஒட்டு அளவுக்கு மீறி விரியும், சுற்றியுள்ள வெற்றிடத்தில் நீர் சேரும். முதல் 72 மணி நேரத்தில் ஒட்டு வீங்கி நீர் கோத்துச் செயலிழக்கும் ஆபத்தும் கூடும்.

இத்தனையும் ஒரு டேப்பை நம்பியிருக்கிறது. தொப்பூர்க் கணவாயில் விபத்தாகி தருமபுரி ஐசியூவில் கிடப்பவரின் உயரத்தைக் கேட்டால் உறவினர் 'அஞ்சரை அடி இருப்பாருங்க' என்பார். அதையே படிவத்தில் எழுதக்கூடாது. 5 செ.மீ. தவறினால் ஆணுக்கு 0.40 லிட்டர், பெண்ணுக்கு 0.33 லிட்டர் பிசகும். படுக்கையைச் சமமாக்கி, தலையணையை எடுத்து, முழங்காலை நீட்டி, உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை அளக்க வேண்டும்; பாதத்தின் நுனிவரை இழுத்துவிடுவது வழக்கமான பிழை. இரண்டு பேர் தனித்தனியே அளப்பது நல்லது. எக்ஸ்ரே துணைதான்: படுக்கையில் எடுத்த படம் உருவைப் பெரிதாக்கிக் காட்டும், மூச்சு முழுக்க இழுத்த நிலையிலும் இருக்காது. சிடி இருந்தால் இன்னும் தெளிவு. குளிர்பதத்தில் வைத்த நுரையீரலுக்கு 6 முதல் 8 மணி நேரம்தான் என்பதால், சென்னை வரை ஏறக்குறைய 300 கி.மீ. கொண்டுபோனபின் 'அடங்கவில்லை' என்றால் வேறு பெறுநரைத் தேட நேரமிருக்காது.

ஆகவே கலைச்சொல்லாக 'கொள்ளளவுப் பொருத்தம்' சரி. விரித்து எழுதினால் 'நுரையீரல் கொள்ளளவுப் பொருத்தம்'. 'உடலளவுப் பொருத்தம்' பிழை. 'டோனர்' கொடையாளர், 'ரெசிபியன்ட்' பெறுநர். 'டோனர்', 'தானம்' இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை, 'கொடை' நம்முடையது.

அறுவை முடிந்தும் இந்தப் பொருத்தம் வென்டிலேட்டரில் தொடர்கிறது. ஒரு மூச்சுக்கு எத்தனை மி.லி. என்பதைப் பெறுநரின் உயரத்தை வைத்து முடிவுசெய்வது பழக்கம். உள்ளே இருப்பதோ கொடையாளரின் நுரையீரல். 160 செ.மீ. பெண்ணின் ஒட்டு என்றால், அவர் உயரமும் பாலினமும் வைத்துக் கணித்த எடை (நிறுத்துப் பார்த்த எடையல்ல) சுமார் 52 கிலோ. கிலோவுக்கு 6 மி.லி. வீதம் 315 மி.லி. போதும். 165 செ.மீ. ஆண் பெறுநரைப் பார்த்து வைத்தால் சுமார் 370 மி.லி. ஆகி, சிறிய ஒட்டு ஒவ்வொரு மூச்சிலும் மிகையாக இழுபடும். கொடையாளர் உயரத்தைப் படுக்கைத்தலை சார்ட்டில் எழுதி வைக்க வேண்டும்.