மரத்தவளைக்கு எந்தப் பூச்சி? எலும்பைக் கேட்டால் தெரியும்

"விளக்கைச் சுற்றும் பூச்சிகளைப் பிடித்து என் மரத்தவளைக்குக் கொடுக்கலாமா? காட்டில் அது அவற்றைத்தானே தின்கிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கொடுக்காதீர்கள். அந்தப் பூச்சி பூச்சிமருந்து தெளித்த செடியிலிருந்து வந்திருக்கலாம், ஒட்டுண்ணிகளையும் சுமந்து வரலாம். கூடவே ஒரு மின்மினி மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம். சில மின்மினி இனங்களின் உடலில் லூசிபுஃபாஜின் என்ற நஞ்சு இருக்கிறது. தேரைகளின் தோலில் சுரக்கும் நஞ்சுக்கு நெருங்கிய உறவு அது. இதயத் தசை செல்களில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் புரதத்தை முடக்கிவிடும். துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகும். மின்மினி தின்ற வளர்ப்புப் பல்லியினங்கள் இறந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 1999-இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

எனவே உணவுக்கென்றே வளர்த்த சுவர்க்கோழி, டுபியா கரப்பான் போன்றவைதான் சரி. தவளையின் இரு கண்களுக்கு இடையிலான அகலத்தைவிடப் பூச்சி நீளமாக இருக்கக் கூடாது. தவளை மெல்லுவதில்லை. முழுசாக விழுங்குகிறது, அதுவும் கண்களை உள்ளே இழுத்து, அவற்றாலேயே இரையைத் தொண்டைக்குள் தள்ளி.

சரி, நஞ்சில்லாத, அளவான சுவர்க்கோழியை மட்டுமே போட்டு வளர்த்தால்? சில மாதங்களில் தாடை மென்மையாகி வளையலாம். கால்கள் கோணலாம், தாவல் தப்பலாம், தசைகள் நடுங்கலாம். வயிறு நிறையத் தின்ற தவளைக்கு ஏன் இந்தக் கதி?

பூச்சிக்கு எலும்பு கிடையாது. அதன் உடலைத் தாங்குவது கைட்டின் என்ற நார்ப்பொருளும் புரதமும் சேர்ந்த மேலோடு. அதற்குக் கால்சியம் பெரிதாகத் தேவையில்லை. பாஸ்பரஸ் அப்படியில்லை. டி.என்.ஏ.விலும் செல் சவ்விலும் அது இருக்கிறது, எந்த உயிரும் அது இல்லாமல் வாழாது. ஆகவே வளர்ப்புச் சுவர்க்கோழியில் கால்சியத்தைவிட ஏழு மடங்குக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கும். மாவுப்புழுவில் பதினைந்து மடங்கையும் தாண்டும். தவளைக்கு வேண்டியது நேர் எதிர்: பாஸ்பரஸைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கால்சியம். போதாக்குறைக்கு, மிகுந்த பாஸ்பரஸ் குடலில் இருக்கிற கொஞ்சக் கால்சியத்தையும் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது.

இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் தசையும் நரம்பும் சரியாக இயங்காது. உடல் அதைப் பொறுக்காது. பாராதைராய்டு சுரப்பி உடனே ஹார்மோனை அனுப்பி எலும்பைக் கரைத்தாவது அளவைச் சரிக்கட்டும். இது நம் உடலிலும் நடப்பதுதான். ஆனால் தவளையிடம் நம்மிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை தவளை உடலிலேயே அழகான ஏற்பாடு அதுதான்.

நம் உட்காதில் சமநிலையை உணர உதவும் நுண்ணிய சுண்ணக் கற்கள் உண்டு. தவளைக்கும் உண்டு. ஆனால் தவளையின் உட்காதிலிருந்து கிளம்பும் ஒரு பை மூளைப் பக்கம் போய், முதுகெலும்புக் குழாய்க்குள் இறங்கி, தண்டுவடத்தை ஒட்டியே நீள்கிறது. முள்ளெலும்புகளுக்கு இடையில், நரம்புகள் வெளியேறும் இடங்களில், பால் வெள்ளை நிறத்தில் குட்டிக் குட்டிப் பைகளாகப் பிதுங்கி நிற்கிறது. உள்ளே முழுக்கக் கால்சியம் கார்பனேட் படிகங்கள். காது கேட்கவும் நிலை தடுமாறாமல் இருக்கவும் உருவான உறுப்பின் நீட்சி, முதுகு நெடுகத் தாது உண்டியலாக வேலை செய்கிறது! தலைப்பிரட்டைப் பருவத்திலேயே இது நிரம்பத் தொடங்கும். பின்பு அந்தப் பிரட்டைக்குக் கால்கள் முளைத்து, குருத்தெலும்பு கெட்டி எலும்பாக மாறும்போது, அதற்கான கால்சியத்தில் ஒரு பகுதி இங்கிருந்துதான் போகிறது. வளர்ந்த தவளையும் தேவைப்பட்டால் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கையிருப்பும், பிறகு எலும்பும் கரைந்துகொண்டிருக்கும் காலத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. தவளை தின்னும், கத்தும், தாவும். தாடை வளையும்போது நாம் ரொம்பத் தாமதித்திருப்போம்.

வழி எளிது. பூச்சிகளைக் கால்சியம் தூளில் புரட்டி உடனே கொடுங்கள். விட்டுவைத்தால் சுவர்க்கோழி கால்களால் துடைத்துத் துடைத்துத் தூளை உதிர்த்துவிடும். அதற்கு முந்தைய ஓரிரு நாள் பூச்சிகளுக்கே நல்ல உணவு போட வேண்டும், ஏனென்றால் பூச்சியின் குடலில் இருப்பதும் தவளைக்குத்தான் போகிறது. பசலைக்கீரை வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிவிடும். கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி3-யும் தேவை. அளவு மிஞ்சினால் உள்ளுறுப்புகளில் சுண்ணம் படியும் என்பதால் அதில் தாராளம் கூடாது. பூச்சிகளில் ஒரு விதிவிலக்கு பிளாக் சோல்ஜர் ஈயின் புழு. தன் தோலிலேயே கால்சியம் கார்பனேட்டைப் படியவைக்கும் அதில் கால்சியம் பாஸ்பரஸைவிட இரண்டு மடங்குக்கு மேல். மெழுகுப்புழு வெறும் கொழுப்பு, எப்போதாவது போதும்.

அப்புறம் ஒரு நம்பிக்கை: மாவுப்புழு தவளையின் வயிற்றைக் கடித்துத் துளைத்து வெளியே வந்துவிடுமாம், தலையை நசுக்கித்தான் போட வேண்டுமாம். காற்றில்லாத அமிலப் பையில் அதனால் அப்படிச் செய்ய முடியாது. இந்தப் பயத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக் கால்சியத்துக்குக் கொடுத்தால் எத்தனையோ தவளைகள் பிழைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தவளையை உண்மையிலேயே தின்னும் பூச்சியும் உலகில் உண்டு. எபோமிஸ் என்ற வண்டின் புழு, உணர்கொம்புகளை ஆட்டி இரைபோல் நடித்துத் தவளையை வரவழைத்து, அதன் உடலில் கவ்விக்கொண்டு தின்னும். 2011-இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு தேரை விழுங்கிய புழு இரண்டு மணி நேரம் கழித்து உயிரோடு வாந்தியாக வெளியேறி, அந்தத் தேரையையே தின்றது. முன்பின் தெரியாத வண்டையும் புழுவையும் வெளியிலிருந்து பிடித்துப் போடாமலிருக்க இது ஒன்றே போதும்.

தின்னாமல் மிஞ்சிய சுவர்க்கோழிகளைக் கூண்டில் விட்டுவைக்காதீர்கள். பசித்தால் அவை தவளையின் மெல்லிய தோலைக் கொறிக்கும்.