டால்பின் பார்க்கப் போகிறீர்களா?

காசிமேட்டிலிருந்து விடியுமுன் ஃபைபர் படகில் கிளம்புவோம். டால்பினும் திமிங்கலமும் எங்கே, எத்தனை தென்படுகின்றன என்று குறித்து வருவதுதான் என் வேலை. சேர்ந்த புதிதில் ஒருநாள், எண்ணூருக்கு நேரே ஆறு டால்பின்கள். நல்ல போட்டோ கிடைக்கும் ஆசையில், "அண்ணே, இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க" என்றேன். அண்ணன் எஞ்சினை நியூட்ரலில் போட்டார். "வேணாம்மா, குட்டி கீது பாரு."

தாயின் விலாவை ஒட்டியே வந்தது அந்தக் குட்டி. 'புஸ்' என்று ஒரு பெரிய மூச்சு, உடனே இன்னொரு சின்ன மூச்சு. எஞ்சின் இரைந்திருந்தால் அது என் காதில் விழுந்தே இருக்காது.

தாய் நீந்தும்போது பக்கத்துத் தண்ணீர் இழுக்கும் இழுப்பில் குட்டி அதிகம் சிரமப்படாமல் கூடவே வந்துவிடும். படகு துரத்தி, தாய் வெடுக்கென்று திரும்பினால் அந்த இடம் தவறிப்போகும். அடுத்தது, அவற்றின் ஓய்வு கெடுவது. ஸ்பின்னர் என்ற வகை டால்பின்கள் இரவில் இரை தேடி, பகலில் ஓய்வெடுப்பவை. நாம் பார்க்கப் போவதே அவை அசந்திருக்கும் நேரத்தில்தான். கடலுக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். தங்களுக்குள் அழைத்துக்கொள்வதும் இரை தேடுவதும் அதை வைத்துத்தான். எஞ்சினை முறுக்கினால் எல்லாம் அமுங்கிவிடும்.

டால்பினுக்கு 50 மீட்டர், திமிங்கலத்துக்கு 100 மீட்டராவது விலகி நில்லுங்கள். பக்கவாட்டில், அவை போகும் திசையிலேயே மெதுவாகப் போகலாம். முன்னால் போய் மறிக்கக் கூடாது. தானாக அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, வந்து விளையாடினால் வேகத்தையும் திசையையும் மாற்றாதீர்கள். வாலால் தண்ணீரைத் திரும்பத் திரும்ப அறைவதைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். பல நேரம் அது எரிச்சலின் அடையாளம், விலகிவிடுங்கள்.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் இவையும் இருக்கின்றன. அந்தச் சட்டம் 'வேட்டை' என்று சொல்வதில் விரட்டுவதும் அடங்கும்.

ஒடிசாவின் சிலிகா ஏரியோ, இலங்கையின் மிரிஸ்ஸாவோ, எங்கே போனாலும் படகில் ஏறும்போதே ஓட்டுபவரிடம் பேசிவிடுங்கள். கிட்டக் காட்டினால்தான் காசு கொடுத்தவர்களுக்குத் திருப்தி என்று நினைத்துத்தான் பலரும் துரத்துகிறார்கள். "தூரமா நின்னே பார்க்கிறோம்ணே, ஒண்ணும் தெரியலைன்னாலும் பரவாயில்லை" என்று சொல்லிப் பாருங்கள், அவரும் நிம்மதியாக ஓட்டுவார்.