ஸ்பிரிங் இல்லாத கார்: சிட்ரோயனின் நைட்ரஜன் உருண்டை

பிரெஞ்சுக் கம்பெனியான சிட்ரோயனின் டி.எஸ் காரை இரவு நிறுத்திவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு பின்பக்கம் மெல்ல எழும், அதன் பின் முன்பக்கம். படுத்திருந்த ஒட்டகமும் இப்படித்தான் எழுந்திருக்கும். 1955-ல் பாரிஸ் கண்காட்சிக்கு இந்தக் கார் வந்தபோது முதல் நாளிலேயே 12,000 பேர் முன்பதிவு செய்தார்கள். அதைத் தாங்கியது சுருள் ஸ்பிரிங்கும் அல்ல, லீஃப் ஸ்பிரிங்கும் அல்ல. எண்ணெயும் வாயுவும்தான்.

இரும்பு ஸ்பிரிங்கில் ஒரு தீராத சிக்கல் உண்டு. ஐந்து பேரும் டிக்கி நிறைய மூட்டையும் ஏறினால் தாங்கட்டும் என்று கெட்டியாகப் போட்டால், தனி ஆளாக ஓட்டிப்போகும்போது ஒவ்வொரு பள்ளமும் முதுகில் தெரியும். இளக்கமாகப் போட்டாலோ, ஆள் ஏறியதும் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். மற்ற கம்பெனிகள் இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் நின்றுகொண்டன. அப்படி நிற்க மறுத்தவர் போல் மாஜெஸ். 17 வயதில் சிட்ரோயனில் வேலைக்குச் சேர்ந்தவர். இன்ஜினியரிங் பட்டம் வாங்கியவர் அல்ல. பாரிஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்த ஆண்டுகளிலேயே இதற்கான வேலையைத் தொடங்கிவிட்டார்.

அவர் செய்தது இதுதான். ஒவ்வொரு சக்கரத்துக்கும் உரித்த தேங்காய் அளவில் ஓர் இரும்பு உருண்டை. உள்ளே குறுக்காக ஒரு ரப்பர் சவ்வு. சவ்வுக்கு ஒருபுறம் நைட்ரஜன், மறுபுறம் எண்ணெய். சக்கரம் மேட்டில் ஏறும்போது அதன் கை ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் நைட்ரஜனை அமுக்கும். சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். முதலில் சுலபமாக உள்ளே போகும், போகப் போக இறுகும். நைட்ரஜனும் அப்படித்தான்: சின்ன மேட்டுக்கு மெத்தை, பெரிய பள்ளத்துக்குக் கெட்டியான சுவர். எண்ணெய் கிட்டத்தட்ட அமுங்காது, அழுத்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. உருண்டையின் கழுத்தில் உள்ள சிறு துளைகள் எண்ணெயின் ஓட்டத்தைத் தடுத்து நிதானப்படுத்துவதால், தனியாக ஷாக் அப்சார்பரும் தேவையில்லை.

ஆனால் எனக்கு இதில் மிகவும் பிடித்த பாகம் உயரத்தைச் சரிசெய்யும் வால்வு. பின்சீட்டில் மூன்று பேர் ஏறியதும் கார் தாழும். வால்வு திறந்து, இன்ஜின் சுழற்றும் பம்பிலிருந்து எண்ணெய் உள்ளே வரும். கார் பழைய உயரத்துக்கே வந்து நிற்கும். ஆட்கள் இறங்கினால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். ஒவ்வொரு குழிக்கும் வால்வு திறந்து மூடினால் கார் கூத்தாடிவிடும் என்பதால், வேண்டுமென்றே அதை மந்தமாக வைத்தார்கள். சுமை கூடும்போது உருண்டைக்குள் அழுத்தமும் கூடுகிறது, நைட்ரஜன் சுருங்குகிறது, மெத்தை தானே கெட்டியாகிறது. தனி ஆளுக்கு இளக்கம், குடும்பத்துக்குக் கெட்டி. கம்ப்யூட்டர் ஏதும் இல்லாமல் 1955-ல் இது நடந்தது!

எண்ணெயின் அழுத்தம் சுமார் 150 பார், கார் டயரில் இருப்பதைப்போல் எழுபது மடங்கு. அதே அழுத்தம்தான் பிரேக்கையும் பவர் ஸ்டீயரிங்கையும் இயக்கியது. டயர் மாற்ற ஜாக்கியும் வேண்டாம். உயரத்தை மேலே ஏற்றி, பக்கத்தில் ஒரு முட்டுக் கொடுத்து, திரும்ப இறக்கினால் சக்கரம் தானே தரையை விட்டு மேலே போகும்.

இந்த அளவுக்குத் துணியும் கம்பெனியாகச் சிட்ரோயன் ஆனதற்கு அதன் கடன் சுமையும் ஒரு காரணம். மீன்முள் வடிவப் பல்சக்கரங்கள் செய்து தொழிலில் முன்னேறியவர் ஆந்த்ரே சிட்ரோயன். கம்பெனிச் சின்னத்தில் இன்றும் இருப்பது அந்தப் பற்கள்தான். 1919-ல் கார் செய்யத் தொடங்கினார். முன்சக்கரங்களால் இழுக்கப்படும் டிராக்ஷன் அவான் காருக்காகவும், தொழிற்சாலையைப் புதுப்பிக்கவும் கொட்டிய பணம் 1934-ல் அவரைத் திவாலாக்கியது. அடுத்த ஆண்டே இறந்துபோனார். பெரும் கடன் கொடுத்திருந்த மிஷலான் டயர் கம்பெனி சிட்ரோயனை எடுத்துக்கொண்டது. சாலையும் டயரும் சந்திக்கும் இடத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் முதலாளிகளானதால், மாஜெஸ் போன்றவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் பொறுமையும் பணமும் கிடைத்தன என்றே நினைக்கிறேன். உருண்டைகளை முதலில் 1954-ல் டிராக்ஷன் காரின் பின்சக்கரங்களில் மட்டும் போட்டு வெள்ளோட்டம் பார்த்தார்கள்.

தொல்லை எண்ணெயில் இருந்தது. ஆரம்பத்தில் போட்ட சிவப்பு எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உள்ளே துரு பிடிக்கும், வால்வு ஒட்டிக்கொள்ளும், கசியும். 1960-களின் நடுவில் பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறினார்கள். நிறம் வெறும் அடையாளம் அல்ல, எச்சரிக்கையும்கூட. ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் ரப்பர் சீல்கள் வீணாகும்.

1962-ல் பாரிஸ் அருகே பிரான்ஸ் அதிபர் தெ கோலின் டி.எஸ் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. டயர்கள் கிழிந்தும் டிரைவர் காரை நிறுத்தாமல் ஓட்டித் தப்பினார். ரோல்ஸ் ராய்ஸ் தன் சில்வர் ஷாடோவுக்கு இந்தத் தொழில்நுட்பத்தை உரிமம் பெற்று வாங்கியது. 1970-ல் ஒரு லிட்டர் இன்ஜின் கொண்ட சின்ன ஜி.எஸ் காரிலேயே உருண்டைகளைப் போட்டது சிட்ரோயன். இத்தாலியின் ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியான மசராட்டியை வாங்கியது, பிஸ்டனுக்குப் பதில் சுழலும் வாங்கெல் இன்ஜினில் பணத்தைப் போட்டது. 1973-ன் எண்ணெய் நெருக்கடி வந்ததும் கணக்கு தலைகீழானது. இன்னொரு பிரெஞ்சுக் கார் கம்பெனியான பெஜோ உள்ளே வந்து, 1976-க்குள் ஏறக்குறைய முழுப் பங்கையும் வாங்கியது. சுமார் 14.5 லட்சம் கார்களோடு டி.எஸ் தயாரிப்பு 1975-ல் நின்றது.

உருண்டைகள் அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தன. சவ்வு வழியே நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கார் முரடாக ஓடத் தொடங்கும். உருண்டையைக் கழற்றிப் புதிதாகத் திருகினால், அன்றைக்கே பழைய மென்மை திரும்பிவிடும். 2017-ல் சி5 காரோடு அந்த வரிசை முடிந்தது. பம்பும் குழாய்களும் நிறைந்த அமைப்புக்கு ஆகும் செலவை, எலெக்ட்ரானிக் ஷாக் அப்சார்பர்கள் வந்த காலத்தில் கம்பெனியால் நியாயப்படுத்த முடியவில்லை.

இன்று சிட்ரோயன், பல கார் கம்பெனிகள் சேர்ந்த ஸ்டெலான்டிஸ் குழுமத்தில் ஒரு பெயர். அதன் சி3 கார் நம் திருவள்ளூர் ஆலையில் தயாராகிறது. இந்தியாவில் 2021-ல் விற்பனைக்கு வந்த சி5 ஏர்கிராஸில் இரும்பு ஸ்பிரிங்தான் இருக்கிறது. ஷாக் அப்சார்பரின் இரு கோடிகளிலும் எண்ணெய்த் தடுப்பு வைத்து, கடைசிக் குலுக்கலை மட்டும் மெதுவாக்குகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால், அந்தக் கார் தானாக எழுந்து நிற்காது.